காற்றைக் கழுவிய விளக்கு

எங்கள் வீட்டு ஏசிக்குள் என் கணவர் புற ஊதா விளக்கு பொருத்திய வருஷம்தான் எனக்குக் குரல் போனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களுக்கு உறைப்பதற்குள் ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலமே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

பெங்களூர் காக்ஸ் டவுனில் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்ககத்தில் மூன்றாவது மாடி எங்கள் பங்கு. கட்டியவர் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஏசி வைத்துக் கொடுத்தார். அறைக்கு ஒரு பெட்டி என்று சுவரில் தொங்காது. குளியலறைக்கு வெளியே இருக்கும் சிறிய நடையின் மேல், பொய்க்கூரைக்குள் ஒரே ஒரு பெரிய பெட்டி. அங்கிருந்து தகரக் குழாய்கள் கூரைக்குள்ளேயே ஓடி, கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் குளிர்காற்றைக் கொண்டுபோகும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அங்கங்கே வெள்ளைச் சல்லடை மட்டும்தான்.

"பெங்களூர்ல ஏசியா? ஐஸ் பெட்டிக்குள்ள ஃபேன் போட்ட மாதிரி" என்று என் கணவர் முதலில் சிரித்தார். குடிவந்த புதிதில் நாங்கள் அதைத் தொடவே இல்லை. அப்புறம் கோடைகள் மாறின. போதாததற்கு, தெருவுக்குக் கான்கிரீட் போடுகிறோம் என்று வந்து தோண்டியவர்கள் தோண்டியபடியே விட்டுவிட்டுப் போனார்கள். சன்னலைத் திறந்தால் சாப்பாட்டு மேசையில் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு மண். ஆகவே சன்னல்கள் மூடின, ஏசி ஓடத் தொடங்கியது.

ஓடத் தொடங்கியதும் ஒரு நாற்றம். மழையில் நனைந்த பிள்ளைகள் ஷூவைக் கழற்றி வைத்த வகுப்பறை எப்படி இருக்குமோ அப்படி. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த நாற்றம் எனக்கு அத்துப்படி. கூடவே காலையில் எழுந்ததும் தும்மல். பல் துலக்குவதற்குள் பத்துப் பன்னிரண்டு போட்டுவிடுவேன். எங்கள் தேவாலயச் சபையின் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். தும்மலோடு தொண்டைக் கரகரப்பும் சேர்ந்துகொண்டதும் எனக்குக் கவலை வந்தது. என்னைவிட என் கணவருக்கு.

அவர் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு திருகாணியைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஓய்வு பெற்ற பிறகு திருப்பிப் பார்க்க வீட்டில் எதுவும் இல்லை. காலையில் பேப்பரை மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு, நான் பள்ளிக்குக் கிளம்புவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்னங்க, எங்கயாச்சும் வெளிய போய்ட்டு வாங்களேன்" என்றால், "எங்க போறது?" என்பார். 

ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். ஈஜிபுராவில் குடியிருப்பவர், கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர். எங்களிடம் தமிழ், கீழே வாட்ச்மேனிடம் உருது, போனில் "ஹா சார், பந்தே பந்தே" என்று வந்துகொண்டே இருப்பதாகக் கன்னடம். ஏணி போட்டு ஏறிக் கூரை மூடியைக் கழற்றிப் பார்த்தவர், தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்.

"மேடம், நீங்க பாக்க வேணாம். அப்புறம் ராத்திரி சாப்பாடு எறங்காது."

"நான் பாக்கறேன்" என்று என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கி வந்தபோது அவர் முகத்தில் அருவருப்பு இல்லை. தொழிற்சாலையில் பழுதான பாகத்தைக் கண்டுபிடித்த நாட்களில் இருந்த அதே முகம். செல்போனில் எடுத்த படத்தை எனக்குக் காட்டினார். குளிர்விக்கும் குழாய்ச் சுருளின் மேல் கறுப்பாக, ஈரமாக, பாசி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அதன் கீழே தண்ணீர் சொட்டும் தட்டில் கஞ்சி மாதிரி ஒரு வழுவழுப்பு.

"இது வழியா வர்ற காத்தத்தான் நீ இழுத்துக்கிட்டிருக்க" என்றார்.

மெக்கானிக் மருந்து அடித்துக் கழுவினார். நாற்றம் போனது. கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. மறுபடி கழுவினார், மறுபடி வந்தது.

"அந்தச் சுருள், காயில், எப்பவுமே ஈரமா இருக்கும் சார். உள்ள இருட்டு வேற. பூஞ்சைக்கு அது போதும்" என்றார் அவர். "சில வூட்ல யூவி லைட் போடறாங்க. அது காயில் மேல நேரா அடிச்சுக்கினே இருந்தா, இது வளராது."

என் கணவர் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். அங்கே குடிநீர் சுத்திகரிக்கும் பெட்டி சுவரில் மாட்டியிருந்தது. அதற்குள்ளும் அப்படி ஒரு புற ஊதா விளக்குதான் எரிகிறது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்.

"ஏம்மா, தண்ணிய மட்டும் லைட்ல காட்டிக் குடிக்கறோம். நாள் பூரா இழுக்கற காத்த ஏன் காட்டக் கூடாது?"

கேட்க எனக்கும் நியாயமாகத்தான் இருந்தது.

மெக்கானிக் தானே நல்ல விளக்காகப் பார்த்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் கோடைக்கு முந்தின மாதங்களில் அவரைப் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பது மாதிரி. என் கணவருக்குப் பொறுமை இல்லை. இரவும் பகலும் இணையத்தில் படித்து, விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எனக்குப் பாடம் நடத்தி, கடைசியில் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரவழைத்தார். பெட்டி வந்த அன்று பிறந்தநாள் பிள்ளை மாதிரி வாசலிலேயே பிரித்தார்.

"இது சாதாரண லைட்டு இல்ல, ஓசோனும் சேத்துத் தருது" என்று பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினார்.

"ஓசோன்னா வானத்துல ஓட்டை விழுந்துச்சுன்னு சொன்னாங்களே, அதுவா?"

"அதேதான். அது நம்மளக் காப்பாத்தறதுதானே? அத வீட்டுக்கே கொண்டாந்துட்டேன் பாரு."

மெக்கானிக்கை ஒருவழியாகப் பிடித்து வந்து பொருத்தச் செய்தார். அந்த மனிதர் வேறு வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். மூடியைத் திறந்தால் விளக்கு தானாக அணையும்படி ஒரு சுவிட்ச் வைத்து, "எரியறப்ப நேரா பாக்கக் கூடாது சார், கண்ணு போயிடும். தோல்லயும் படக்கூடாது" என்று மட்டும் எச்சரித்துவிட்டுக் கிளம்பினார். எரிகிறதா என்று தெரிந்துகொள்ள, பெட்டியின் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதற்கு நேரே கூரை மூடியிலும் ஒரு துளை போட வைத்தார் என் கணவர். நடையில் நின்று அண்ணாந்தால் நீலமாக ஒரு பொட்டு தெரியும்.

அந்தப் பொட்டு எங்கள் வீட்டில் ஒரு ஆளாகிவிட்டது. காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பார். ஏசியை நிறுத்தினாலும் விளக்கை நிறுத்த விடமாட்டார். "அது பாட்டுக்கு வேலை செய்யட்டும்" என்பார்.

தர ஆய்வுக்காரர் அல்லவா, சோதனை செய்யாமல் விடுவாரா. இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்தார். ஒன்றைக் கூடத்துச் சல்லடைக்கு நேர் கீழே அலமாரி மேல் வைத்தார். மற்றொன்றைச் சமையலறையில் ஒரு டப்பாவுக்குள். எது முதலில் பூசணம் பிடிக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். டப்பாவுக்குள் இருந்தது சீக்கிரமே பச்சையாகிவிட்டது. சல்லடைக்குக் கீழே இருந்தது காற்றில் காய்ந்து ரஸ்க் ஆகிவிட்டது.

"பாத்தியா!" என்றார்.

"என்னங்க, அது காஞ்சு போச்சு. காஞ்ச ரொட்டில பூசணம் எப்படி வரும்?"

"முடிவ மட்டும் பாரு. பூசணம் இருக்கா, இல்லையா?"

அந்த ரஸ்க்கை ரொம்ப நாள் எறிய விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். காப்பி கொடுப்பதற்கு முன்பே நடைக்கு அழைத்துப் போய் நீலப் பொட்டைக் காட்டுவார். "கொஞ்சம் மூச்ச நல்லா இழுத்துப் பாருங்க" என்பார். எங்கள் சபையின் ஆயர் வீடு பார்க்க வந்தபோது அவரையும் விடவில்லை. ஆயர் அங்கியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்று, கண்ணை மூடி இழுத்துப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குங்க" என்றார். ஆயர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, என் கணவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஈர ஷூ நாற்றம் நிஜமாகவே போய்விட்டது. அதை மறுக்க முடியாது. ஆனால் அதன் இடத்தில் வேறொன்று வந்திருந்தது. கூர்மையான ஒரு வாசனை, இடி மின்னலுக்குப் பிறகு மொட்டை மாடியில் வருமே அந்த மாதிரி. முதலில் நன்றாகத்தான் இருந்தது. போகப் போகத் தொண்டையின் அடியில் ஏதோ உரசியது.

நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றாமல் இல்லை. வாய்வரை வந்து நின்றுவிடும். மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் இப்போது காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏணி எடுக்கிறார். "இன்னைக்குத் தும்மல் எப்படி?" என்று தினமும் கேட்கிறார். "குறைஞ்சிருக்குங்க" என்பேன். தும்மல் நிஜமாகவே குறைந்திருந்தது. இருமல் வந்திருந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் நான் தனியாகப் பாடவேண்டிய பாட்டு ஒன்று இருந்தது. சிலுவையடியில் தாய் நிற்பதைப் பற்றிய கீர்த்தனை. வருஷா வருஷம் நான்தான் பாடுவேன். மேலே ஏறாது, கீழேயே நின்று நிதானமாக நடக்கும்; என் குரலுக்கென்றே செய்தது போல இருக்கும். ஒத்திகையில் முதல் அடியைத் தொட்டதும் குரல் கிழிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொட்டேன். மறுபடியும் காற்றுதான் வந்தது.

எங்கள் பாடகர் குழுவை நடத்துபவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். ஹார்மோனியத்தை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, சளி பிடிச்சிருக்கா?"

"சளி இல்லம்மா. என்னனே தெரியல."

"ரெஸ்ட் குடுங்க. டைம் இருக்கு."

மிளகுப் பால், உப்புத் தண்ணீர், அதிமதுரம், எல்லாம் பார்த்தாயிற்று. தொண்டை மருத்துவரிடம் போனேன். உள்ளே சிவந்திருக்கிறது என்றார். வீட்டில் ஏதாவது பெயின்ட் வேலை, கொசு மருந்து, புகை உண்டா என்று கேட்டார். "ஒண்ணுமே இல்ல டாக்டர். எங்க வீட்டுக் காத்து ரொம்பச் சுத்தம்" என்று நானே சொன்னேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு அது கேட்டிருக்கும்.

பரீட்சை நேரம். பள்ளியில் வினாத்தாள் நகல் எடுக்கும் வேலை அந்த வருஷம் என் தலையில் விழுந்தது. வினாத்தாள் வெளியே போய்விடக் கூடாது என்று அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றேன். வகுப்பு வகுப்பாகத் தாள்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. இயந்திரம் சூடாகியது. சட்டென்று எங்கள் வீட்டு வாசனை.

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. குனிந்து இயந்திரத்தின் பின்பக்கம் முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுக் கூடம், எங்கள் வீட்டு நடை. உடனே இருமல் வந்தது. அப்படியே வெளியே ஓடி வேப்பமரத்தடியில் நின்றேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலக உதவியாளர் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கதவு மூடிக்கினு ஓட்டாதீங்க டீச்சர், எனக்கும் தொண்டை புடிச்சுக்கும்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன?"

"அந்த லைட்டுதான் என் தொண்டையக் கெடுக்குதுன்னு நினைக்கறேன்."

 நான் நகல் இயந்திரத்தைச் சொன்னேன், வாசனையைச் சொன்னேன், இருமலை மறைத்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் கவனித்தேன், கண் ஓரங்கள் சிவந்திருந்தன. 

"அழாதீங்க. இதுக்குப் போய்..."

"அழல. ரொம்ப நாளா எரியுது" என்றார். "சாயங்காலமானா தலைவலி வேற. வயசாச்சு, கண்ணுல ஏதோன்னு நினைச்சேன். உனக்குச் சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போவ. பரீட்சை நேரத்துல உனக்கு எதுக்குத் தொல்லைனு விட்டுட்டேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் யார் சிரித்தது என்று நினைவில்லை. சிரித்து, இருமி, மறுபடி சிரித்து, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய் விளக்கை நிறுத்தினார். பிறகு வீட்டின் எல்லாச் சன்னல்களையும் திறந்தார். தெரு மண் அள்ளிக்கொண்டு வந்தது. மேசை, சோபா, அலமாரி மேல் இருந்த ரஸ்க், எல்லாவற்றின் மேலும் வந்து உட்கார்ந்தது. எதிர் வீட்டில் யாரோ கடுகு தாளிக்கும் மணமும், கோயில் தெருப் பக்கமிருந்து ஆட்டோக்களின் ஹாரனும் அதனோடு வந்தன. மண்ணோடு மண்ணாக உட்கார்ந்து காப்பி குடித்தோம்.

அதன் பிறகுதான் அவர் ஓசோனைப் பற்றி ஒழுங்காகப் படித்தார். நகல் இயந்திரம் ஓடும்போதும் அதுதான் வருமாம். வானத்தில் உயரத்தில் இருந்தால் காப்பாற்றும். மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். கடைக்காரர்கள் அதைச் சிறப்பு அம்சமாகப் போட்டு விற்கிறார்கள். "எத்தனையோ பேரோட பொருளத் திருப்பி அனுப்பின ஆளு நான். என் வீட்டுக்கு வந்தத மட்டும் ஒழுங்கா பாக்கல" என்று ஒருநாள் சொன்னார். அதில் வருத்தம் இருந்தது. நான் அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன்.

குரல் உடனே திரும்பிவிடவில்லை. பெரிய வெள்ளிக்கு முந்திய குருத்தோலை ஞாயிறும் போயிற்று. நான் பாடகர் குழுத் தலைவியிடம் போய், என் பாட்டைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். "நீங்க சும்மா எங்களோட நின்னாகூடப் போதும் ஆன்ட்டி" என்றாள். வாயை மூடிக்கொண்டு அங்கே நிற்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை நான் கீழே, என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால், எங்கள் கல்யாணத்துக்கு மறு ஞாயிறே நான் மேலே மாடத்தில் இருக்கும் பாடகர் பெஞ்சுக்குப் போய்விட்டேன். அவர் அன்றிலிருந்து கீழே ஒரே தூணுக்குப் பக்கத்தில். இத்தனை வருஷம் ஒரே கோயிலுக்கு ஒன்றாக வந்து, ஒன்றாகத் திரும்பி, நடுவில் ஆளுக்கொரு பக்கம் இருந்திருக்கிறோம். எனக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தை நடுவில் பிடித்தார். சபையார் எழுந்து பாடத் தொடங்கினார்கள்.

என் கணவர் பாடினார். நான் திகைத்துப் போனேன்.

சுருதி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருந்தது. எல்லோரும் ஏறும் இடத்தில் அவர் இறங்கினார். இறங்கும் இடத்தில் அப்படியே நின்றார். ஆனால் என்ன ஒரு சத்தம், என்ன ஒரு நம்பிக்கை! கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். முன் வரிசைப் பெண்மணி ஒருவர் பழகிப்போனவராய்த் தோளை லேசாகக் குறுக்கிக்கொண்டார். அந்தத் தோளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது: இது எல்லா ஞாயிறும் நடப்பதுதான். என்னைத் தவிர சபை முழுவதற்கும் தெரியும். வீட்டில் அவர் முணுமுணுப்பதோடு சரி. பாட்டுக்காரியை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பாடக் கூச்சப்பட்டிருக்கிறார்.

துக்க ஆராதனையில் சிரிக்கக் கூடாது. நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் என் கையைத் தட்டி, குனிந்து, "கவலைப்படாத. குரல் வந்துடும்" என்றார். நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு நிஜமாகவே கொஞ்சம் அழுதேன்.

மேலே அந்தக் கல்லூரிப் பெண் என் பாட்டைப் பாடினாள். நன்றாகப் பாடினாள். ஒரு இடத்தில் அவசரப்பட்டாள், அடுத்த வருஷம் சரியாகிவிடும்.

ஈஸ்டர் கழிந்து மெக்கானிக் வந்தார். இந்தத் தடவை விளக்கை அவரே வாங்கி வந்தார். ஓசோன் உண்டாகவிடாத கண்ணாடி என்றார். என் கணவர் அட்டையில் இருந்த எழுத்தை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். மாட்டி எரியவிட்ட பிறகு, சல்லடைக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறி நின்று முகர்ந்தார். என்னை முகரச் சொன்னார். மெக்கானிக்கையும் முகரச் சொன்னார். அவர் தேன் மாதிரி ஒரு பதில் சொன்னார்: "ஒண்ணும் வரல சார். காத்து காத்தாட்டம்தான் கீது."

விளக்கு கிருமியையும் பூஞ்சையையும்தான் பார்த்துக்கொள்ளும், தூசிக்கு வடிகட்டிதான் என்று தெரிந்துகொண்டதால், வடிகட்டியை மாதா மாதம் கழற்றிக் கழுவும் வேலையை என் கணவர் ஏற்றுக்கொண்டார். தெருவில் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். விடிந்ததும் எல்லாச் சன்னல்களையும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கிறோம். அப்போதுதான் காப்பி.

மழைக்காலம் தொடங்குவதற்குள் என் குரல் முழுசாக வந்துவிட்டது. மேலே ஏறி என் பழைய இடத்தில் நின்றேன். முதல் பாட்டு முடிந்ததும் பாடகர் குழுத் தலைவி திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். ஆராதனை முடிந்ததும் அவளிடம் போனேன்.

"மாசத்துல ஒரு ஞாயிறு நான் கீழ உட்காந்துக்கறேன்மா."

"ஏன் ஆன்ட்டி, தொண்டை இன்னும் சரியாகலையா?"

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "அவர் பக்கத்துல உட்காந்து பாடணும் போல இருக்கு."

அவள் கீழே தூணுக்குப் பக்கத்தில் எங்கள் செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அவர் பாட்டு தெரியும் போலிருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி ஆன்ட்டி" என்றாள்.